இடுப்பை இறுக்க ஓர் எந்திரம்... கார்செட்டைக் கலாய்த்த 19-ம் நூற்றாண்டு கார்ட்டூன்கள்!

தேர் வடம் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றடியில் ராட்டினம் உருள்வதையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பெண்ணின் முதுகில் மாட்டிவிட்டால் எப்படியிருக்கும்?

1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் அச்சான ஒரு கேலிச்சித்திரம் கிட்டத்தட்ட அதைத்தான் காட்டுகிறது. வரைந்தவர் வில்லியம் ஹீத். ஒரு சீமாட்டி நிற்கிறார். அவருடைய கார்செட்டின் நாடா, முதுகுப் பக்கமாகப் போய் ஓர் எந்திரத்தில் சுற்றப்பட்டிருக்கிறது. எந்திரம் சுழலச் சுழல, இடுப்பு சுருங்கும். 'பெண்களை முறுக்கேற்றும் புதிய எந்திரம், உள்ளது உள்ளபடி' என்கிற மாதிரி அதற்கு ஒரு தலைப்பு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் உண்டோ, அதையே தலைப்பில் வைத்திருந்தார் மனுஷன்.

அப்படி ஓர் எந்திரம் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. படம் முழுக்க நையாண்டி. ஆனால் இன்றைக்கு யாராவது இதை 'அந்தக் காலத்துப் பெண்கள் பட்ட பாடு' என்று வாட்ஸ்அப்பில் போட்டால், நம்பி நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்ய ஆள் இருக்கிறார்கள். இந்தக் கதையில் பாதிச் சிக்கலே அதுதான். கார்செட் பற்றி நமக்குத் தெரிந்ததில் நிறைய, அதைக் கிண்டல் செய்தவர்கள் சொன்னவை.

கார்செட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு 'டைட்டானிக்' படத்தை ஞாபகப்படுத்தினால் போதும். பணக்கார மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா மகளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே, முதுகுப் பக்கம் நாடாவைச் சர் சர்ரென்று இழுத்துக் கட்டுவாரே, அந்த உள்ளாடைதான். மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை உடம்பைச் சுற்றி வரும் கெட்டித் துணி. அது மடங்காமல் நிற்க, உள்ளே வரிசையாகப் பட்டைகள். பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் துளைகள். அவற்றில் நாடாவைக் கோத்து இழுத்தால் இடுப்பு இறுகும்.

பட்டைகளுக்குப் பெரும்பாலும் திமிங்கில எலும்பைப் பயன்படுத்தினார்கள். எலும்பு என்பது சும்மா பெயருக்குத்தான். சில வகைத் திமிங்கிலங்களுக்குப் பல் கிடையாது. கடல்நீரை வடிகட்டி இரையைப் பிடிக்க, மேல்தாடையிலிருந்து சீப்பு மாதிரித் தகடுகள் தொங்கும். நம்முடைய நகமும் முடியும் எதனால் ஆனதோ, அதே பொருள். லேசானது, வளையும், உடையாது. ஆர்க்டிக் கடல் வரை போய்த் திமிங்கிலங்களைக் கொன்று குவித்ததற்கு விளக்கெண்ணெய்த் தேவை ஒரு காரணம் என்றால், சீமாட்டிகளின் இடுப்பு இன்னொரு காரணம்.

1820-களின் கடைசி வரை நாடாத் துளைகளைச் சுற்றி நூலால்தான் தைத்திருப்பார்கள். ரொம்ப இழுத்தால் துணி கிழிந்துவிடும். அதாவது, இறுக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பிறகு உலோக வளையம் வந்தது. இன்றைக்கு ஷூவில் கயிறு கோக்கும் இடத்தில் இருக்கிறதே, அது. இனி எவ்வளவு இழுத்தாலும் துளை கிழியாது. ஹீத்தின் 'எந்திரம்' வந்ததும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான்.

கட்டில் காலைப் பிடி... இழு!

இந்தக் கிண்டல் 19-ம் நூற்றாண்டில் பிறந்ததல்ல. 1770-களில் ஜான் காலெட் என்ற ஓவியர் ஒரு காட்சியை வரைந்தார். ஒரு பெண் கட்டில் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னாலிருந்து வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து நாடாவை இழுக்கிறார்கள். 'சுகத்தைவிட ஃபேஷன் முக்கியம்' என்ற பொருளில் தலைப்பு. ஹிட் என்றால் அப்படியொரு ஹிட். அதன் பிறகு கார்செட்டைக் கேலி செய்த யாரும் அந்தக் கட்டில் காலை விடவில்லை. 1939-ல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் ஸ்கார்லெட் பிடித்துக்கொண்டு நிற்பதும் அந்தக் கட்டில் கால்தான்.

1793-ல் ஜேம்ஸ் கில்ரே இதே காட்சியை எடுத்து அரசியல் கார்ட்டூனாக்கினார். இழுக்கப்படும் பெண், பிரிட்டன் தேசத்தின் உருவமான பிரிட்டானியா. கட்டில் காலுக்குப் பதில் ஓக் மரம். நாடாவை இழுப்பவர் தாமஸ் பெய்ன். 'மனிதனின் உரிமைகள்' எழுதி மன்னராட்சியை ஆட்டிவைத்த அதே பெய்ன். பிரெஞ்சுப் புரட்சி என்ற புது ஃபேஷனை நம் நாட்டின் உடம்பில் திணிக்கப் பார்க்கிறான் என்பது கில்ரேயின் குற்றச்சாட்டு.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பெய்ன் உண்மையிலேயே கார்செட் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். தெட்ஃபோர்டு என்ற ஊரில் அப்பாவிடம் தொழில் கற்று, சில காலம் அதையே பிழைப்பாகவும் வைத்திருந்தவர். எதிராளியின் குலத்தொழிலைச் சொல்லி மட்டம்தட்டுவது நமக்கு மட்டுமே தெரிந்த கலை என்று நினைக்க வேண்டாம்.

கில்ரேயின் படங்கள் லண்டனில் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் கடையில் விற்பனையாகும். கடைக்கு மேல்மாடியில்தான் கில்ரேயின் ஜாகை. புதுப் படம் வந்தால் கண்ணாடி ஜன்னலில் ஒட்டுவார்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் தெருவில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்து மீம்ஸ் பேஜ்!

ஆண்களும் தப்பவில்லை

கார்செட் என்றாலே பெண்கள் என்று நினைக்கிறோம். 1810-களின் கடைசியில் லண்டன் கார்ட்டூன்களைப் பார்த்தால் அதிகம் அடி வாங்கியவர்கள் ஆண்கள். 'டாண்டி' என்று அழைக்கப்பட்ட மைனர்கள். கழுத்துக்கு உயரமான காலர், பிதுங்கும் நெஞ்சு, குளவி இடுப்பு. 1819-ல் வந்த ஒரு படத்தின் தலைப்பே, டாண்டிக்கு நாடா கட்டுவது. வேலைக்காரர்கள் இழுக்க, மைனர் மூச்சுத் திணற நிற்பார். ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் 'விகாரங்கள்' என்று ஒரு தொடரே போட்டார். பூங்காவில் உலாவ வந்த நாகரிகக் கூட்டத்தில் ஆண் யார், பெண் யார் என்று இடுப்பை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் பெரிய தலை, பட்டத்து இளவரசர் ஜார்ஜ்தான். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர். சாப்பாட்டுப் பிரியர். பருத்த தொந்தியை அடக்க கார்செட் அணிந்தவர். அவருடைய பட்டப் பெயர் 'வேல்ஸ் இளவரசர்'. ஆங்கிலத்தில் திமிங்கிலத்துக்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. விடுவார்களா? 1812-ல் க்ரூக்ஷாங்க் இளவரசரைத் திமிங்கிலமாகவே வரைந்துவிட்டார். திமிங்கில எலும்பு கட்டிய திமிங்கிலம்!

பிரான்ஸில் கேலியின் சுவை வேறு. அங்கே மூச்சுத்திணறலைவிட வீட்டுச் சண்டைதான் விஷயம். 1840 வாக்கில் கவார்னி வரைந்த படத்தில், கணவன் மனைவியின் கார்செட்டை அவிழ்க்கிறான். காலையில் தான் போட்டது சாதாரண முடிச்சு. இப்போது இருப்பது பூ மாதிரி முடிச்சு. எப்படி என்று யோசிக்கிறான். அவ்வளவுதான் படம். மிச்சத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே காலத்தில் ஒனோரே தோமியே வரைந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு கார்செட் கடையின் ஜன்னல். உள்ளே விதவிதமான இடுப்பளவுகளில் கார்செட்டுகள். வெளியே நடுத்தர வயது மனிதர் ஒருவர் சொக்கி நிற்கிறார். ஒவ்வோர் அளவைப் பார்க்கும்போதும் பழைய காதலி ஒருத்தி ஞாபகத்துக்கு வருகிறாள். கடைசியில், அதோ அந்த ஓரத்தில் இருப்பது என் மனைவி என்கிறார். மற்றவர்கள் பெண்களைப் பார்த்துச் சிரித்தபோது, தோமியே அந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

'பஞ்ச்' அடித்த பஞ்ச்

1841-ல் லண்டனில் 'பஞ்ச்' வார இதழ் தொடங்கியது. அடுத்த 50 ஆண்டுகளுக்கு இடுப்பு இறுக்கும் ஃபேஷன் அதற்கு அட்சய பாத்திரம். நல்ல ஜோக்குகள் நிறைய. 1870-ல் வந்த ஒன்றில், மீலோவின் வீனஸ் சிலையை நாகரிக யுவதிகள் சிலர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், அழகின் உச்சம் என்று உலகமே கொண்டாடும் சிலை. இவர்களோ, இவ்வளவு பெரிய பாதமா, இவ்வளவு பெரிய இடுப்பா, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று முகம் சுளிக்கிறார்கள். இன்னொன்று 1870-களில் ஜார்ஜ் டு மோரியே வரைந்தது. உடம்போடு ஒட்டிய கவுன் அணிந்த பெண்ணிடம் ஓர் ஆண், உட்காரலாமா என்று கேட்கிறார். ஆசைதான், ஆனால் என் தையல்காரர் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்கிறாள் அவள். கல்யாண வீட்டில் புதுப் பட்டுப்புடவையோடு தரையில் பந்தியில் உட்காரத் தயங்கிய எவருக்கும் இது புரியும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு குடும்பப் பத்திரிகை நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. சாமுவேல் பீட்டன் நடத்திய 'இங்கிலீஷ்வுமன்ஸ் டொமஸ்டிக் மேகஸின்'. சமையல், தையல், குழந்தை வளர்ப்பு என்று போய்க்கொண்டிருந்த பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில், 1860-களின் பிற்பகுதியில் கார்செட் விவாதம் வெடித்தது. விடுதிப் பள்ளியில் என் இடுப்பை மாதா மாதம் குறைத்தார்கள், 16 இன்ச் ஆனது, 15 ஆனது, இப்போது அந்த இறுக்கம் இல்லாமல் இருக்கவே முடியவில்லை என்கிற ரீதியில் கடிதங்கள். எல்லாம் புனைபெயர். பல கடிதங்களில் வலியைப் பற்றிய வர்ணனை கொஞ்சம் அளவுக்கு மீறி ரசனையோடு இருக்கும். எழுதியவர்கள் எல்லோரும் பெண்கள்தானா என்றே வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஃபேக் ஐடி அன்றும் உண்டு.

நிஜத்தில் எத்தனை இன்ச்?

கடிதம் பொய் சொல்லலாம், கார்ட்டூன் மிகைப்படுத்தலாம். மிஞ்சியிருக்கும் கார்செட்டை அளந்து பார்த்துவிடலாம் அல்லவா? இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோ ஊரில் சிமிங்டன் என்ற கார்செட் நிறுவனம் இருந்தது. அது சேர்த்துவைத்த கார்செட்டுகள் இப்போது லெஸ்டர்ஷைர் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் இடுப்பு 20 முதல் 26 இன்ச். 18 இன்ச் என்பது அபூர்வம். அதுவும் நாடாவை முழுக்க இழுத்து, இரண்டு ஓரங்களும் முட்டும்படி மூடினால் வரும் அளவு. பலர் பின்பக்கம் ஓரிரண்டு இன்ச் இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள். உடம்பின் அளவு கார்செட்டின் அளவைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

அப்படியென்றால் பழைய படங்களில் இடுப்பு ஏன் அவ்வளவு மெலிதாகத் தெரிகிறது? கண்கட்டு வித்தை. 1830-களில் தலையணை மாதிரி உப்பிய கைகள், 1850-களில் கூடை மாதிரி விரிந்த பாவாடை. மேலேயும் கீழேயும் இவ்வளவு அகலம் இருந்தால் நடுவில் எதுவும் ஒல்லியாகத்தான் தெரியும். கொடியிடை, துடியிடை, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இடை என்று வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்கு, மிகைப்படுத்தல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலா எலும்பை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள் என்றொரு கதையும் உலவுகிறது. அந்த நூற்றாண்டில் அப்படிச் செய்ததற்கு ஆதாரம் கிடையாது. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வது 1846-ல்தான் பொதுவில் செய்து காட்டப்பட்டது. கிருமி நீக்கி அறுவை செய்யும் முறையை லிஸ்டர் வெளியிட்டதே 1867-ல். உயிருக்கு உத்தரவாதம் இல்லாத மேஜையில் இடுப்புக்காக யார் போய்ப் படுப்பார்கள்?

அதற்காக, கார்செட் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆழமாக மூச்சு விட முடியாது. அதனால் வேகமாக நடந்தால், மாடிப்படி ஏறினால், கூட்டத்தில் நின்றால் மயக்கம். சின்ன வயதிலிருந்து இறுக்கினால் விலா எலும்புகள் உள்நோக்கி வளையும். ஈரலில் பள்ளம் விழும். பிரேதப் பரிசோதனைகளில் மருத்துவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் 1788-லேயே எச்சரித்துவிட்டார். பிறகு வந்த டாக்டர்கள் காசநோய் முதல் கூன் வரை எல்லாப் பழியையும் கார்செட் மீது போட்டார்கள். அதில் பாதி மிகை. ஆனால் எது உண்மை, எது மிகை என்று பிரித்தறிய, அணிந்தவளுக்கு வழி இல்லை.

அமெரிக்காவில் ஆர்சன் ஃபவுலர் என்பவர், மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் 'சாஸ்திரக்காரர்', 1840-களில் இதற்கெதிராகப் பிரசாரம் செய்தார். இயற்கையான இடுப்பு இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று ஆண்கள் உறுதி எடுக்க வேண்டும் என்பது அவருடைய தீர்வு. இறுக்கினால்தான் மாப்பிள்ளை கிடைப்பான் என்று அம்மா சொல்கிறாள்; இறுக்கினால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று ஐயா சொல்கிறார். நடுவில் நிற்கும் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

கார்ட்டூன்கள் காட்டாமல் விட்ட விஷயமும் அதுதான். ஏன் அணிந்தார்கள்? பணக்கார வீட்டில் மட்டுமல்ல, வேலைக்குப் போகும் பெண்களும் மலிவு விலையில் கார்செட் வாங்கி அணிந்தார்கள். கனமான பாவாடைகளின் சுமையைத் தாங்க, முதுகு நிமிர்ந்து நிற்க, மார்பைத் தாங்க அது தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேல், மானம். உடம்பில் கட்டு இல்லாதவளுக்கு நடத்தையிலும் கட்டுப்பாடு இருக்காது என்று நம்பிய சமூகம். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுத் தெருவில் நடந்தால் என்ன ஆகும்?

என்ன ஆனது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1851-ல் அமெரிக்காவில் அமீலியா புளூமர் என்ற பத்திரிகை ஆசிரியை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் பாவாடை, அதற்கடியில் தொளதொள கால்சட்டை என்ற உடையை ஆதரித்து எழுதினார், அணிந்தார். இடுப்பை இறுக்காத, தரையைக் கூட்டாத உடை. இத்தனை வருடம் கார்செட்டைத் திட்டியவர்கள் கைதட்டியிருக்க வேண்டுமே? 'பஞ்ச்' என்ன செய்தது தெரியுமா? புளூமர் அணிந்த பெண்கள் சுருட்டுப் பிடிப்பதாக, ஆண்களிடம் போய்க் காதலைச் சொல்வதாக வரைந்து தள்ளியது. தெருவில் பையன்கள் பின்னால் ஓடிவந்து கத்தினார்கள். எலிசபெத் கேடி ஸ்டான்டன் போன்ற உரிமைப் போராளிகளே சில ஆண்டுகளில் அந்த உடையைக் கைவிட்டார்கள். மேடையில் நாங்கள் பேசுவதை யாரும் கேட்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார்கள் என்பதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்செட்டை நூறு வருடம் கிண்டல் செய்தார்கள். அதன் விற்பனை ஏறிக்கொண்டே போனது. புளூமரைக் கிண்டல் செய்தார்கள். சில வருடங்களில் அது காணாமல்போனது. நையாண்டிக்குப் பலம் இல்லை என்று சொல்ல முடியாது. யார் மீது அது பலிக்கிறது என்பதில்தான் விஷயம்.

1881-ல் லண்டனில் சீமாட்டி ஹார்பர்டன் முன்னின்று 'அறிவார்ந்த உடைச் சங்கம்' தொடங்கினார். இறுக்கும் கார்செட், பாரமான பாவாடை, உயரமான குதிகால் எதுவும் வேண்டாம் என்றது அந்தச் சங்கம். 1898-ல் இந்த அம்மையார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு சரே மாவட்டத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். கால்சட்டை போன்ற உடையில் இருந்ததால் காபி அறைக்குள் விடமாட்டேன் என்று ஹோட்டல்காரப் பெண்மணி மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் வரை போய், 1899-ல் ஹோட்டல் பக்கமே ஜெயித்தது.

ஆனாலும் சைக்கிள் நிற்கவில்லை. டென்னிஸ் நிற்கவில்லை. அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போன பெண்கள் நிற்கவில்லை. 1900-களில் பாரிஸின் பால் பொயிரே இடுப்பை விட்டுவிட்டுத் தோளிலிருந்து தொங்கும் உடைகளைக் கொண்டுவந்தார். 1914-ல் உலகப் போர். கார்செட்டின் கதை அதோடு மெல்ல முடிந்தது.

அமெரிக்காவில் வார்னர் சகோதரர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். சினிமாக் கம்பெனி ஆட்கள் இல்லை, இவர்கள் வேறு. லூசியன், ஐரா; இருவருமே டாக்டர்கள். லூசியன் ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசியவர். இறுக்கும் கார்செட்டின் தீமைகள்தான் அவருடைய முக்கியச் சரக்கு. பேசிப் பேசிப் பார்த்துவிட்டு 1870-களில் சகோதரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'ஆரோக்கிய கார்செட்' தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். திமிங்கில எலும்புக்குப் பதில் செடி நாரில் செய்த பட்டை. பிரிட்ஜ்போர்ட் நகரில் பிரமாண்டத் தொழிற்சாலை. இருவரும் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

1914-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண், இரண்டு கைக்குட்டைகளையும் கொஞ்சம் ரிப்பனையும் சேர்த்துத் தான் உருவாக்கிய புது உள்ளாடைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பிராவின் முன்னோடிகளில் ஒன்று அது. எலும்பு இல்லை, முதுகுப் பக்கம் வடம் இழுக்க ஆள் தேவையில்லை. பின்னர் அந்தக் காப்புரிமையை 1,500 டாலருக்கு விற்றுவிட்டார்.

வாங்கியது, வார்னர் சகோதரர்களின் கார்செட் கம்பெனி!